பழைய சைக்கிளின் துருவை நீக்குவது: அசல் பெயின்ட்டையும் தங்கக்கோட்டையும் காப்பாற்றும் முறை

கறுப்பு நிறப் பழைய சைக்கிள் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் செய்த ராலேயாக இருக்கலாம். ஆசன்சோலில் சென்-ராலே நிறுவனம் செய்ததாக இருக்கலாம். 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிசாகவும் இருக்கலாம். எங்கே பிறந்திருந்தாலும் இவை ஒரே சாயலில் செய்யப்பட்டவை: 28க்கு ஒன்றரை அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், செயின் கவர், கறுப்பு எனாமலின் மேல் இழுத்த மெல்லிய தங்கக்கோடு. பல ஆண்டுகள் திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ சாய்ந்து கிடந்ததால் வண்டி முழுவதும் பழுப்பேறியிருக்கும். பார்த்தவுடன் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொண்டு கீழே சொல்லும் வரிசையில் வேலை செய்தால், துருவின் பெரும்பகுதி போய்விடும்; பெயின்ட் அப்படியே இருக்கும்.

இந்த வண்டிகளின் கறுப்பு நிறம் தூரிகையால் பூசிக் காயவைத்தது அன்று. எனாமலைப் பூசி, சூட்டடுப்பில் வைத்துச் சுட்டு இறுக்கியது. அதனால்தான் அறுபது எழுபது ஆண்டுகள் கடந்தும் அது இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்று எந்தப் பட்டறையிலும் புதிதாகக் கறுப்புப் பூசித் தருவார்கள், ஆனால் அந்தப் பழைய எனாமலின் ஆழமும், கையால் இழுத்த கோட்டின் சிறு நடுக்கமும் திரும்ப வாரா. ஆகவே இங்கே நமது நோக்கம் வண்டியைப் புதிது போல ஆக்குவது அன்று. துரு மேலும் பரவாமல் நிறுத்துவதும், துருவின் நிறத்தால் மறைந்திருக்கும் பெயின்ட்டை வெளியே கொண்டுவருவதும்தான்.

தொடுவதற்கு முன்

முதல் நாள் கருவி எதையும் எடுக்க வேண்டாம். வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி, எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக ஃபிரேமின் முன்குழாயில் உள்ள முத்திரை, சீட்டுக் குழாயில் உள்ள எழுத்துகள், மட்கார்டின் ஓரக்கோடு, செயின் கவரின் நடுவே உள்ள கோடு ஆகியவற்றை நெருக்கமாகப் படம் எடுத்து வைப்பது நல்லது. வேலையின் நடுவே ஏதேனும் அழிந்துவிட்டால், முன்பு அது எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இருக்காது.

பின்சக்கரத்தின் ஹப் (ஸ்போக்குகள் கோத்த நடு உருளை) ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப்பாக இருந்தால், அதன் உடலில் பெயரோடு சில எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றில் அவை ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் மாதமும் ஆகும். '52 7' என்றிருந்தால் 1952 ஜூலை. சக்கரம் பின்னாளில் மாற்றப்படாமல் இருந்தால் வண்டியின் வயதும் ஏறத்தாழ அதுவே. வயதைத் தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அன்று. பளபளப்பான பாகங்களுக்கு குரோம் முலாம் பூசும் வழக்கம் 1920-களின் இறுதியில்தான் பரவியது. அதற்கு முந்தைய வண்டிகளில் இருப்பது நிக்கல் முலாம். நிக்கல், குரோமைவிட மிகவும் மென்மையானது, சற்றே மஞ்சள் சாயல் கொண்டது. அதைத் தேய்க்கும் முறை வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் வண்டிகளிலோ முலாமுக்கான உலோகங்கள் கிடைக்காததால் ரிம், ஹேண்டில்பார் முதலியவற்றுக்கும் கறுப்பே பூசி அனுப்பினார்கள். அந்தக் கறுப்பைப் பிற்காலத்தில் யாரோ அடித்த பெயின்ட் என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, பின்பு வருந்தியவர்கள் உண்டு.

நம் ஊர் வண்டிகளில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் முன்குழாய் முத்திரையின் மேல் அடுக்கடுக்காகக் காய்ந்து இறுகியிருக்கும். அதைத் துரு என்று எண்ணிச் சுரண்டினால் அடியில் உள்ள ஒட்டுப்படமும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் அரை மணி நேரம் வைத்தால் தானாக இளகிவிடும். இரண்டாவது, நடுக்குழாயைச் சுற்றிப் பலர் வண்ணப் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருப்பார்கள். அதை மெல்லப் பிரித்துப் பாருங்கள். சில வண்டிகளில் அடியில் நேற்று ஆலையிலிருந்து வந்தது போன்ற பெயின்ட் இருக்கும். சிலவற்றில் நாடாவுக்குள் தேங்கிய ஈரம் குழாயையே அரித்திருக்கும்.

பழைய பெயின்ட்டில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. எனவே எந்தக் கட்டத்திலும் பெயின்ட் மேற்பரப்பை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பக் கூடாது. எப்போதும் எண்ணெயோ நீரோ இட்டே தேய்க்க வேண்டும்; துடைத்த துணிகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி தனியே கட்டி எறிய வேண்டும்.

கழுவுதல்

துருவென்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு செம்மண்ணும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும்தான். ஒரு வாளி நீரில் பாத்திரம் துலக்கும் மென்மையான திரவத்தைச் சில சொட்டுகள் விட்டு, பருத்தித் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து வாருங்கள். சலவைச் சோடா வேண்டாம். காரம் பழைய எனாமலை மங்கவைக்கும். அழுத்தமாகப் பீய்ச்சும் நீர்க்குழாயும் வேண்டாம். அது உரியத் தொடங்கியிருக்கும் பெயின்ட்டின் விளிம்பைத் தூக்கிவிடும், பேரிங்குகளுக்குள்ளும் நீரை ஏற்றிவிடும். பிசுக்கு கெட்டியாக இருக்கும் இடங்களில், அதாவது பெடல் அச்சைச் சுற்றியும் பின்சக்கரத்தின் அருகிலும், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து உடனே சோப்பு நீரால் மண்ணெண்ணெயை எடுத்துவிடலாம். தேங்காய் எண்ணெய் பூசி வளர்த்த வண்டியாக இருந்தால், அந்த எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசின் போல இறுகியிருக்கும்; அதற்கும் மண்ணெண்ணெயே போதும்.

கழுவி முடித்தவுடன் துணியால் ஒற்றி, வெயிலில் நிறுத்துங்கள். இந்த வேலைக்குக் காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், அதிலும் கடற்கரை ஊர்களில், சுத்தம் செய்த வெற்று இரும்பு சில நிமிடங்களிலேயே மீண்டும் செம்மை படரத் தொடங்கும். மாசி முதல் ஆனி வரையிலான வறண்ட காலைப்பொழுதுகள் ஏற்றவை.

பெயின்ட்டின் மேலே உள்ளதும் அடியில் உள்ளதும்

கழுவிய பிறகு வண்டியைக் கூர்ந்து பார்த்தால், பெயின்ட் பூசிய பரப்பில் மூன்று வகையான பழுப்பு தெரியும். ஒன்று, வேறிடத்துத் துரு நீரோடு வழிந்து பெயின்ட்டின் மேல் படிந்த கறை. இரண்டு, பெயின்ட் சிறு சில்லாகப் பெயர்ந்த இடத்தில் வெளியே தெரியும் இரும்பு துருப்பிடித்த புள்ளி. மூன்று, பெயின்ட் உடையாமலே அடியில் துரு ஊர்ந்து, மேலே கொப்புளமாகப் புடைத்த இடம். துரு, தான் உண்ட இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் புடைப்பு. இந்த மூன்றையும் ஒரே முறையில் நீக்க முயல்வதால்தான் பெரும்பாலான சேதங்கள் நேர்கின்றன.

எதைப் பூசுவதானாலும் முதலில் மறைவான ஓர் இடத்தில் சோதியுங்கள். சீட்டுக்கு அடியிலோ, பின்மட்கார்டின் உட்புறத்திலோ ஒரு ரூபாய் நாணய அளவில் பூசி, அரை மணி கழித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அந்தப் பொருள் இந்தப் பெயின்ட்டுக்கு ஆகாது. சுட்ட எனாமல் எளிதில் கரையாது. பிற்காலத்தில் யாரேனும் மேலே அடித்த பெயின்ட்டானால் கரையக்கூடும். அப்படி மேற்பூச்சுக்கு அடியில் அசல் பெயின்ட் ஒளிந்திருந்தால் அதை மீட்பது தனி வேலை; அதை இங்கே கலக்க வேண்டாம்.

மேலே படிந்த கறைக்கு எண்ணெய் ஒன்றே போதுமானது. தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயைக் கறைமேல் தடவி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, நகத்தின் அழுத்தம் மட்டும் கொடுத்துத் தேய்த்தால் துணி செம்பழுப்பாகும், கறை குறையும். ஒரே நாளில் போகாவிட்டால் மீண்டும் எண்ணெய், மீண்டும் ஓர் இரவு. இதில் அவசரப்பட்டு இரும்பு நாரை எடுக்கிறவர்கள் உண்டு. மிக மெல்லிய 0000 எண் நாரை எண்ணெயோடு பயன்படுத்தினால் கெடுதல் இல்லை என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். முலாம் விஷயத்தில் அதை ஏற்கிறேன். பெயின்ட்டின் மேல் நான் அதை வைப்பதில்லை. கறுப்பு எனாமலில் விழும் கீறல் நிழலில் தெரியாது, வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும்.

சில்லு பெயர்ந்த புள்ளிகளுக்கு இரண்டு கட்ட வேலை. முதலில், எண்ணெய் ஊறிய நிலையில், தடித்து நிற்கும் துருவை மட்டும் எடுக்க வேண்டும். ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைப் பட்டையாகச் சீவிக்கொண்டால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. எனாமலைக் கீறாத அளவுக்கு மென்மையானது, துருவின் பொருக்கைக் கிளப்பும் அளவுக்கு உறுதியானது. புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுரண்டாமல், விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுரண்டுங்கள். வெளிப்புறமாகத் தள்ளினால் குச்சி பெயின்ட்டின் விளிம்புக்கு அடியில் நுழைந்து இன்னொரு சில்லைப் பெயர்க்கும்.

அதன் பிறகும் குழிக்குள் துரு தங்கியிருந்தால் ஆக்ஸாலிக் அமிலப் பற்று போடலாம். ரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். இரும்பு ஆக்ஸைடைப் பிடித்து நீரில் கரையவைப்பது இதன் தன்மை; நல்ல இரும்பையும் பெயின்ட்டையும் மற்ற அமிலங்களைப் போல வேகமாகத் தாக்குவதில்லை என்பதால்தான் இந்த வேலைக்கு இது விரும்பப்படுகிறது. ஆனால் இது நஞ்சு. வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பார்ப்பதற்குச் சர்க்கரை போலவே இருப்பதால், சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது; டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி உயரத்தில் வையுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பொடி பறக்காமல் நீரில் கரையுங்கள். சூடாக்க வேண்டாம்.

ஒரு லிட்டர் நீருக்கு 15 முதல் 20 கிராம் வரை போதும். எண்ணெய் இருந்தால் கரைசல் இரும்பைத் தொடாது; ஆகவே சோப்பு நீரால் அந்த இடத்தை முதலில் துடைத்துவிடுங்கள். பிறகு புள்ளியின் அளவுக்கே பஞ்சைக் கிள்ளி, கரைசலில் நனைத்து, பிழிந்து, துருவின் மேல் மட்டும் பதியுமாறு வையுங்கள். உலராமல் இருக்க மேலே ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்; பஞ்சு மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ மாறியிருந்தால் துரு கரைகிறது என்று பொருள். இரண்டு மூன்று பற்றுகளில் குழியில் சாம்பல் நிற இரும்பு தெரியும். பெயின்ட் பகுதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதையும் விட்டுவைக்க வேண்டாம். நேரம் கூடக் கூடக் கரைசல் விளிம்புக்கு அடியில் ஊர்ந்து, நல்ல பெயின்ட்டையும் தளர்த்தும். முடிந்ததும் ஆப்பசோடா கரைத்த நீரால் துடைத்து, பின்பு வெறும் நீரால் இரண்டு முறை துடைத்து, உடனே உலர்த்துங்கள். தலைமுடி உலர்த்தும் கருவி இருந்தால் அதன் மிதமான சூடு இதற்குப் பொருத்தம். மஞ்சள் பூச்சு ஏதேனும் இரும்பின் மேல் தங்கினால் அது துரு அன்று. அமிலமும் இரும்பும் சேர்ந்த உப்பு. நனைத்த துணியால் தேய்த்தால் போய்விடும்.

எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலமும் துருவை நீக்கும். பித்தளைக்குப் புளி போடுகிற நம் வீட்டு அறிவும் இதே வகைதான், புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். ஆனால் அவை பெயின்ட்டின் பக்கத்தில் மெதுவாகவும் சீரற்றும் வேலை செய்கின்றன. நஞ்சைக் கையாள விருப்பம் இல்லாதவர்கள், அமிலமல்லாத துரு நீக்கித் திரவங்களை வாங்கலாம். இரும்பு ஆக்ஸைடை மட்டும் பற்றிப் பிணைத்துக்கொள்ளும் இவ்வகைத் திரவங்கள் விலை அதிகம். ஆனால் புதியவர்களுக்கு இவைதான் பாதுகாப்பானவை என்பேன். இவற்றையும் அதே பஞ்சுப் பற்று முறையில், கூடுதல் நேரம் கொடுத்துப் பயன்படுத்தலாம்.

இனிக் கொப்புளம். இதில் என் கருத்து பலருக்கு உவப்பாக இருக்காது: உடையாத கொப்புளத்தை உடைக்காதீர்கள். உடைத்தால் பெயின்ட் போவது உறுதி. அடியில் உள்ள துரு முழுவதும் போகும் என்பதற்கு உறுதி இல்லை. உலர்ந்த இடத்தில் வைத்து, மேலே மெழுகு பூசிக் காற்றையும் ஈரத்தையும் தடுத்தால் அது பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். ஏற்கெனவே விரிசல் விட்ட கொப்புளமானால், விரிசலின் வழியே மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு விட்டு உள்ளே ஊறவிடுங்கள். எண்ணெய் நுழைந்த இடத்தில் நீர் நுழைவது கடினம்.

கறுப்பு வண்டிக்கு மட்டும் பொருந்தும் ஒரு வசதி இருக்கிறது. துருவோடு டானின் என்னும் துவர்ப்புப் பொருள் சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பாக மாறும். கடுக்காயில் டானின் நிறைய உண்டு. கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு எழுதுவதும் கடுக்காயும் இரும்புத் துருவும் சேரும் இந்த வினையால்தான். கடைகளில் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' என்ற பெயரில் விற்கும் சில திரவங்களிலும் இருப்பது டானிக் அமிலமே. கூடவே ஒரு பசைப்பொருளும் சேர்ந்திருப்பதால் உலர்ந்ததும் மெல்லிய தோலாகப் படியும். பொருக்கை எடுத்த சில்லுகளில் இதை நுனித் தூரிகையால் ஒரு புள்ளி வைத்தால், எஞ்சிய துரு கறுத்து உறைந்துவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் சில்லே தெரியாது. பச்சை, மெரூன் நிற வண்டிகளில் இதைச் செய்தால் கரும்புள்ளி விழுந்தது போலத் தெரியும். வாங்கும்போது சீசாவின் மேல் பாஸ்பாரிக் அமிலம் என்றிருந்தால் பெயின்ட்டில் படாமல் மிகுந்த கவனத்தோடு பயன்படுத்துங்கள்.

தங்கக்கோடும் ஒட்டுப்படமும்

நான் முதன்முதலில் கைவைத்த வண்டியில் செயின் கவரின் தங்கக்கோடு, பாலிஷ் தொட்ட துணியோடு இரண்டே இழுப்பில் போய்விட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது: கறுப்பு எனாமல் சூட்டடுப்பில் சுட்டது, கோடு அதன்மேல் பின்னர் எழுதியது. இரண்டும் ஒரே வண்டியில் இருந்தாலும் ஒரே உறுதி கொண்டவை அல்ல. ஒட்டுப்படங்களோ இன்னும் மெல்லியவை. மேலே பூசிய வார்னிஷ்தான் அவற்றைக் காத்துவருகிறது, அந்த வார்னிஷும் வயதாகி மஞ்சளித்திருக்கும். அந்த மஞ்சளை நீக்க முயலாதீர்கள். வார்னிஷ் போனால் படமும் போகும்.

ஆகவே கோடும் படமும் உள்ள இடங்களில் தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட், வண்டி பாலிஷ், பித்தளை பாலிஷ் எதையும் கொண்டுபோகக் கூடாது. எச்சில் அளவு ஈரமுள்ள பஞ்சுக் குச்சியை உருட்டி உருட்டி அழுக்கை எடுப்பதே முறை. தேய்ப்பது அன்று, உருட்டுவது. ஒரு மட்கார்டுக்கு ஒரு மாலை ஆகலாம். கோட்டுக்குக் குறுக்கே துருப்புள்ளி இருந்தால் கோட்டின் மேல் உள்ள பகுதியை விட்டுவிட்டு இரண்டு பக்கங்களையும் மட்டும் சுத்தம் செய்யுங்கள். பழுப்பேறிய தங்கக்கோடு, இல்லாத தங்கக்கோட்டைவிட மேல்.

முலாம் பூசிய பாகங்கள்

குரோம் முலாம் என்பது மிக மெல்லிய படலம். அதற்கு அடியில் இருக்கும் நிக்கல் அடுக்குதான் உண்மையில் இரும்பைக் காக்கிறது. இரண்டிலும் உள்ள ஊசித்துளைகள் வழியே ஈரம் இறங்கி, அடியிலிருந்து துரு மேலே பொங்கி வருவதுதான் ஹேண்டில்பாரில் நாம் காணும் பழுப்புப் புள்ளிகள். மேலே பொங்கியதை நீக்கிவிட்டால் பளபளப்பு பெரும்பாலும் அடியில் அப்படியே இருக்கும்.

இதற்குச் சமையலறை அலுமினியத் தாள் போதும். உள்ளங்கை அளவு கிழித்துக் கசக்கி, நீரில் தோய்த்து, மென்மையாகத் தேய்த்தால் சாம்பல் நிறக் கூழ் ஒன்று உண்டாகும். அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மிகவும் மென்மையானது, ஆகவே முலாமைக் கீறாது. புதிதாகச் செய்பவர்களுக்கு இந்த ஒரு வேலையில்தான் முதல் மகிழ்ச்சி கிடைக்கும். ஹேண்டில்பாரில் கால் மணி நேரத்தில் முகம் தெரியும். நிக்கல் முலாமுக்கு மட்டும் தாளைத் தவிர்த்து, எண்ணெய் ஊறவைத்துத் துணியாலேயே தேய்ப்பது நல்லது. முலாம் உரிந்து தொங்கும் இடத்தில் இழுக்காதீர்கள். அதன் ஓரம் பிளேடு போல விரலை வெட்டும்.

ராலே வண்டியின் பெரிய பல்சக்கரத்தில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வளைவுகளுக்குள் தாள் நுழையாது. மூங்கில் குச்சியின் நுனியில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ரிம்மில் கவனம் வேண்டும். சிலவற்றில் இரண்டு ஓரமும் குரோமாகவும், நடுப்பட்டை கறுப்பு பெயின்ட்டாகவும் இருக்கும். அந்த எல்லையில் காகித நாடா ஒட்டிக்கொண்டு தேயுங்கள். கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் அழுத்துவதால் அங்கே முலாம் தேய்ந்துபோயிருப்பது இயல்பு; அங்கே எண்ணெயோ மெழுகோ பூசினால் பிரேக் பிடிக்காது. ஸ்போக்குகள் பிரிட்டிஷ் மரபில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40, மொத்தம் 72. பலவற்றில் இருப்பது துத்தநாகப் பூச்சு. அமிலம் எதுவாயினும் துத்தநாகத்தைத்தான் முதலில் தின்னும். எண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாக உருவிவிடுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை, எழுபத்திரண்டும் முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

ஊறவைக்கும் சிறு பாகங்கள்

பெயின்ட் இல்லாத திருகு, நட்டு, வாஷர், கேரியர் கிளாம்பு, பெல்லின் அடிப்பகுதி போன்றவற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் அதே ஆக்ஸாலிக் கரைசலில் ஊறவைக்கலாம். மணிக்கு ஒருமுறை பார்த்து, துரு போனவற்றை எடுத்து, ஆப்பசோடா நீரில் முக்கி, உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். அலுமினியப் பாகம், துத்தநாகப் பூச்சுள்ள பாகம், பேரிங் உள்ள பாகம், சீட்டு ஸ்பிரிங் ஆகியவற்றை இதில் போடக் கூடாது. ஹப்பையும் ஃப்ரீவீலையும் சைக்கிள் கடைக்காரர் ஓவராயில் செய்யும்போது மண்ணெண்ணெயில் கழுவுவதே சரி. தோல் சீட்டை வேலை தொடங்கும் முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். எண்ணெய் ஊறினால் தோல் தளர்ந்து தொங்கும். பெடல் கையான கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் எளிதில் வராவிட்டால் சுத்தியலால் அடிக்காமல் அப்படியே விடுவது மேல், துருவை எடுப்பதற்காக அதைக் கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

மீந்த கரைசலைச் சாக்கடையில் கொட்டுவதற்கு முன் சுண்ணாம்பு நீர் கலந்து வையுங்கள். ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளை வண்டலாக அடியில் படியும்.

செய்யக் கூடாதவை

கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடாதீர்கள். அது துருவை நொடியில் எடுக்கும். கூடவே முலாமை அடியோடு கிளப்பும், ஸ்பிரிங்கையும் ஸ்போக்கையும் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை உடையதாக்கும். அதன் ஆவி பட்டாலே அதே அறையில் உள்ள மற்ற இரும்பெல்லாம் மறுநாள் செம்மை பூத்து நிற்கும். பிளீச்சிங் திரவத்தை எந்த அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

மின்சாரம் செலுத்தித் துரு நீக்கும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். வெற்று இரும்புக்கு அது அருமையான முறைதான். ஆனால் அந்தத் தொட்டியில் இணைத்த பாகத்தின் மேற்பரப்பில் காரமும் ஹைட்ரஜன் குமிழிகளும் உண்டாவதால் பெயின்ட் தோலுரிவது போல உரிந்துவிடும். பெயின்ட்டை நீக்குவதற்காகவே அம்முறையைப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ், மணல் வீச்சு ஆகியவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மெழுகு, உட்புற எண்ணெய், வைக்கும் இடம்

சுத்தம் செய்த பரப்பை அன்றைக்கே மூடிவிட வேண்டும். கார்களுக்குப் பூசும் மெழுகில் தேய்ப்புத் தூள் கலக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். 'கிளீனர்' என்ற சொல் டப்பாவில் இருந்தால் அதில் தூள் இருக்கும், தங்கக்கோட்டுக்கு ஆகாது. வண்டியை அரை மணி வெயிலில் வைத்து இரும்பு லேசாகச் சூடேறியதும் மெல்லிய பூச்சாகத் தடவி, பனி படிந்தது போல மங்கியதும் மென்துணியால் துடைத்தெடுங்கள். சில்லுக் குழிகளுக்குள் மெழுகை விரலால் அழுத்தி நிரப்பிவிடலாம். ஒட்டுப்படத்தின் மேல் பூசும்போது துணியை அழுத்தாமல் ஒற்றினால் போதும். முலாமுக்கும் அதே மெழுகு, பிரேக் கட்டை படும் இடம் நீங்கலாக.

வெளியே எவ்வளவு பளபளத்தாலும் ஃபிரேம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கக்கூடும். சீட்டுக் குழாய் வழியே இறங்கும் மழைநீர் பெடல் அச்சுப் பகுதியில் தேங்கும். சீட்டுத் தண்டைக் கழற்றி, காய்ச்சிய ஆளி விதை எண்ணெயைக் கால் தம்ளர் ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிட்டால் உட்சுவரில் அது உலர்ந்து தோலாகப் படியும். அச்சும் பேரிங்கும் கழற்றியிருக்கும்போது இதைச் செய்வது எளிது. இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது உண்டாகும் வெப்பத்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவைத்த பிறகோ, நீரில் முக்கிய பிறகோதான் எறிய வேண்டும்.

வண்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடாமல் பழைய பருத்திப் போர்வையால் மூடுங்கள். தரையில் நேரடியாகச் சாய்க்காமல் ஒரு பலகையின் மேல் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போர்வையை நீக்கி, சில்லுப் புள்ளிகளை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் செம்மை ஒட்டினால் அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் எண்ணெய், மூங்கில் குச்சி, மெழுகு. முழு வண்டியையும் மறுபடி தொட வேண்டாம்.